கடலோரக் கல்லூரியில் அலுவலகக் கணினி, பிரிண்டர் மாற்றுவது: எதை முதலில், எதை எப்படி?

உச்சிப்புளி ஆபீஸ் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உள்ள ஓர் உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிக்காகக் கேட்கிறேன். மாணவர் லேப் இதில் சேராது. ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் பயன்படுத்துபவை மட்டும்: 42 கணினி, 19 பிரிண்டர்.

கணினிகளில் 11 மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3. 17 ஆறாம், ஏழாம் தலைமுறை. 9 எட்டு முதல் பத்தாம் தலைமுறைக்குள். மீதி 5 பன்னிரண்டாம் தலைமுறை. பாதிக்கு மேல் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான். பிரிண்டர்களில் 8 ஹெச்பி 1020 பிளஸ், 5 கேனான் 2900, 3 இங்க் டேங்க், 2 ஜெராக்ஸ் எடுக்கும் மல்டிஃபங்ஷன் லேசர், ஃபீஸ் கவுண்டரில் 1 டாட் மேட்ரிக்ஸ்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நிர்வாகம் இந்த ஆண்டு 15 கணினிக்கும் சில பிரிண்டருக்கும் மட்டும் நிதி ஒதுக்குகிறது. எந்த 15-ஐ மாற்றுவது? என்ன ஸ்பெக் எழுதுவது? மேசைக்கு ஒரு பிரிண்டர் என்ற பழக்கத்தைத் தொடரலாமா? கழிக்கும் பழைய சாமான்களை எப்படி முறையாக வெளியேற்றுவது? கடற்கரைப் பக்கம் இந்த வேலையைப் பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


கொண்டல் (பதில்)

சார், வாங்கிய வருஷத்தை மட்டும் வைத்து 15-ஐப் பிரிக்காதீர்கள். உங்கள் இடத்தில் வயதை விட உப்புதான் கணினியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அதே மாடல், அதே பில், ஒன்று கடலைப் பார்த்த ஜன்னலடியில், ஒன்று உள்ளறையில் இருந்தால் முதலாவது பாதி ஆயுளிலேயே போய்விடும்.

முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு கணினிக்கு ஒரு வரி. எந்த இருக்கை, அங்கே நடக்கும் வேலை என்ன, பிராசஸர் தலைமுறை, ரேம் எவ்வளவு, என்ன வகை ரேம், டிஸ்க் வகை, மானிட்டரில் விஜிஏ மட்டும்தானா ஹெச்டிஎம்ஐ உண்டா, அறை எந்தத் திசை, தரையிலா மேசையிலா. பிறகு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்து மூன்று குறிப்பு: எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) கூட்டில் துரு உண்டா, போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா, ரேம் ஸ்லாட் பக்கம் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா. 42-க்கும் இதைச் செய்தால் யாரும் கேள்வி கேட்க முடியாத ஆதாரம் கையில் இருக்கும்.

உங்கள் எண்ணிக்கையைப் பார்த்தால் மூன்றாம் தலைமுறை 11-உம் ஆறு, ஏழாம் தலைமுறை 17-உம் விண்டோஸ் 11-க்கு ஆகாது. மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம், ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர. ஆறாம், ஏழாம் தலைமுறை போர்டுகளில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருப்பதைக் காட்டி 'இதிலும் ஏற்றிவிடலாம்' என்று சொல்வார்கள். சோதனையைத் தாண்டி ஏற்ற வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. சம்பளப் பட்டியல் போடும் கணினியை அந்த நிலையில் விடக்கூடாது.

அதனால் கணக்கு இப்படி வரும். மூன்றாம் தலைமுறை 11-உம் முழுதாக வெளியே. அவற்றுக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான டிஸ்க்) வாங்கிப் போடுவதும் வீண் செலவு. மீதி 4 புதிய கணினி, ஆறு ஏழாம் தலைமுறையில் பணமும் மாணவர் விவரமும் கையாளும் இருக்கைகளுக்கு. புதியவை நேராகப் பழைய கணினி இருந்த இடத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. கணக்குப் பிரிவு, சம்பளம், தேர்வுப் பிரிவு, உதவித்தொகைக்காக யுஎம்ஐஎஸ் என்ற அரசின் மாணவர் விவரத் தளத்தில் பதிவு செய்யும் இருக்கை, இவற்றுக்குப் புதியதை வைத்து, அங்கிருந்து எடுத்ததைத் துறைகளுக்குத் தள்ளுங்கள். எட்டு முதல் பத்தாம் தலைமுறை 9-ஐ எஸ்எஸ்டி இருந்தால் விண்டோஸ் 11-க்கு ஏற்றிவிடலாம். இல்லாவிட்டால் முதலில் எஸ்எஸ்டி.

மிஞ்சுவது 13. இரண்டு வழி உண்டு. பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதும் என்கிற துறை இருக்கைகளுக்கு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட். ஆறாம் தலைமுறை போர்டுகளில் சிலது டிடிஆர்3எல், சிலது டிடிஆர்4. திறந்து பார்த்த பிறகே ரேம் ஆர்டர் போடுங்கள். விண்டோஸ்தான் வேண்டும் என்கிற இருக்கைக்கு நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட். கல்வி நிறுவனங்களுக்கு முதலாண்டு கணினிக்கு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4 என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இரண்டாம் ஆண்டில் போய்ச் சேர்ந்தாலும் முதலாண்டுக் கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும். உங்கள் லைசென்ஸ் டீலரிடம் கேளுங்கள்.

இனி உப்பு விஷயம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் ஸ்பெக்கும் வைக்கும் இடமும் இதைப் பொறுத்ததுதான். மண்டபம் பக்கம் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஆடியில் கச்சான் தெற்கு, மேற்குப் பக்கமிருந்து உப்பைக் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் கொண்டலும் மறுபக்கமிருந்து. கட்டடத்தின் எந்தப் பக்கமும் தப்பாது. உலோகங்களைக் காற்றில் வைத்து அரிப்பைச் சோதிக்க காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) மண்டபத்தில் சோதனை நிலையமே வைத்திருக்கிறது. இங்கே காற்று எப்படிப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

உலர்ந்த உப்புத்தூள் போர்டில் கிடந்தால் உடனே கெடுதி இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு தானே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசிய ஆரம்பிக்கும். அந்த ஈரப்படலம் மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு நடுவே கசிவு, செம்பில் பச்சை, பிறகு இணைப்பே அறுந்துவிடும். முதலில் போவது ரேம் தொடுமுனை, எஸ்எம்பிஎஸ், லேன் போர்ட்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினி உள்ளே சூடாக இருப்பதால் அங்கே ஈரப்பதம் குறைவு. அணைத்துக் கிடப்பதுதான் அதிகம் அரிக்கும். மே விடுமுறையில் மூடிப் போட்டுவிட்டு ஜூனில் திறந்தால் வரிசையாக ஆன் ஆகாமல் நிற்பது இதனால்தான். விடுமுறையில் வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் ஓட விடச் சொல்லுங்கள்.

ஏசி அறைக்கு இன்னொரு எச்சரிக்கை. ஏசியை 18-ல் வைத்துக் குளிர்வித்துவிட்டு, கரண்ட் போனதும் ஜன்னலைத் திறந்தால் வெளிக்காற்று குளிர்ந்த போர்டில் பட்டு வேர்க்கும். மழைக்காலத்தில் 25, 26-ல் வைத்தால் போதும். ஏசி நின்ற உடனே ஜன்னலைத் திறக்காதீர்கள்.

ஸ்பெக்கில் எழுத வேண்டியவை: சிறிய டவர் அல்லது எஸ்எஃப்எஃப் (அதைவிட ஒல்லியான பெட்டி) வகை. ஆல் இன் ஒன் வேண்டாம், போர்டு போனால் மானிட்டரும் சேர்ந்து போகும். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 அல்லது அதற்குச் சமமான ரைசன். 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக, இரண்டாவது ஸ்லாட் காலியாக. தேர்வுப் பிரிவுக்கும் கணக்குக்கும் 16. 512 ஜிபி என்விஎம்இ வகை எஸ்எஸ்டி. கம்பி லேன். விண்டோஸ் 11 புரோ ஏற்றியே வரவேண்டும். ஓஎஸ் இல்லாமல் விலை குறைத்துத் தருவதை வாங்கிவிட்டு அப்புறம் லைசென்ஸ் தேடி அலையக்கூடாது. மூன்று ஆண்டு ஆன்சைட் வாரண்டி.

மானிட்டரை மறந்துவிடுவார்கள். புதிய கணினிகள் பலவற்றில் விஜிஏ கிடையாது. பழைய மானிட்டர் 15-உம் விஜிஏ மட்டும் என்றால் ஒன்று மானிட்டரும் சேர்த்து வாங்க வேண்டும், அல்லது கன்வர்ட்டர் 15 எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

வாரண்டி விதியை ஆர்டர் போடும் முன் வாசியுங்கள். துரு, ஈரம், சுற்றுச்சூழல் சேதம் இவற்றை விலக்கும் வரி அநேகமாக இருக்கும். கொட்டேஷன் கேட்கும் கடிதத்திலேயே 'கல்லூரி கடலோரத்தில் உள்ளது, காற்றிலுள்ள உப்பால் வரும் அரிப்பு வாரண்டியில் அடங்குமா என்று எழுத்தில் தெரிவிக்கவும்' என்று ஒரு வரி சேர்த்தால் பிறகு வாக்குவாதம் இருக்காது. அடுத்த நாள் சர்வீஸ் என்று எழுதியிருந்தாலும் ஆள் மதுரையிலிருந்து வரவேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல். அதனால் ஒரே மாடலாக 15-உம் வாங்கி, ஒரு எஸ்எம்பிஎஸ், ஒரு ரேம், ஒரு எஸ்எஸ்டி கையிருப்பாக அதே பில்லில் சேர்த்துவிடுங்கள்.


டோனர் தேவிபட்டினம் (பதில்)

கொண்டல் அண்ணன் கணினியைச் சொல்லிவிட்டார். நான் பிரிண்டரைச் சொல்கிறேன்.

19 தேவையில்லை சார். ஒவ்வொன்றிலும் கான்ஃபிகரேஷன் பக்கம் அடித்து மொத்தப் பக்க எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி. வித்தியாசம்தான் மாத வேலை. துறை மேசைகளில் மாதம் நூறு பக்கம்கூட ஓடாத பிரிண்டர்கள் பாதி இருக்கும், தேர்வுப் பிரிவில் ஒன்றே ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஹெச்பி 1020, கேனான் 2900 இரண்டும் உழைக்கும் பிரிண்டர்கள்தான். இரண்டும் ஒரே வகை கார்ட்ரிட்ஜ், 12ஏ, 303 என்று எண் மட்டும் வேறு. சுமார் 2,000 பக்கம். அந்தக் கணக்கு ஒரு பக்கத்தில் 5 சதவீதம் மை படுவதாக வைத்துப் போட்டது. கட்டம் போட்ட மதிப்பெண் பட்டியல், கனமான தமிழ் எழுத்துரு என்றால் 1,300, 1,400-லேயே மங்கும். குறை என்னவென்றால் இரண்டிலும் தானாக இருபுறம் அடிக்கும் வசதி இல்லை, நெட்வொர்க் இல்லை. லினக்ஸுக்கு மாற்றப்போகும் இருக்கைகளுக்கு இன்னொன்று: 1020 ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேர் ஏறியாக வேண்டிய பிரிண்டர். ஹெச்பியின் லினக்ஸ் மென்பொருளான ஹெச்பிலிப் என்றால் அதன் பிளகினையும் சேர்த்து நிறுவினால்தான் அடிக்கும். 2900 லினக்ஸில் இன்னும் தொல்லை. அந்த இருக்கைகளை நெட்வொர்க் பிரிண்டருக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

என் யோசனை: துறைக் கட்டடங்களுக்கு மூன்று நெட்வொர்க் மல்டிஃபங்ஷன் லேசர், அலுவலகத்துக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று, தேர்வுப் பிரிவுக்கு இரண்டு, முதல்வர் அறையில் இருக்கும் சிறியதே போதும், கவுண்டரில் டாட் மேட்ரிக்ஸ். கலருக்கு வைக்கும் இங்க் டேங்க் தவிர மொத்தம் ஒன்பது. ஏற்கெனவே உள்ள இரண்டு மல்டிஃபங்ஷனும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். தேர்வுப் பிரிவுப் பிரிண்டர்களை மட்டும் நெட்வொர்க்கில் சேர்க்கவே வேண்டாம். யுஎஸ்பி கம்பி, பூட்டிய அறை. வினாத்தாளும் மதிப்பெண்ணும் பொதுப் பிரிண்டர் வரிசையில் போகக்கூடாது.

வாங்கும்போது பிரிண்டர் விலையைப் பார்க்காமல் பக்க விலையைப் பாருங்கள். டோனர் 3,000 ரூபாய், 2,000 பக்கம் என்றால் பக்கம் 1.50. டிரம் தனியாக வரும் மாடலில் டிரம் விலையை அதன் பக்கக் கணக்கால் வகுத்து அதையும் கூட்டுங்கள். பெட்டியோடு வரும் டோனர் பல மாடல்களில் பாதி அளவுதான், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தானாக இருபுறம் அடிப்பது கட்டாயம். தனி டிரைவர் இல்லாமல் பொது டிரைவரில் அடிக்க உதவும் ஐபிபி அல்லது மொப்ரியா ஆதரவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிண்டர் கம்பெனிகளின் டிரைவரை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-ல் அறிவித்தது. பொது டிரைவரில் ஓடும் பிரிண்டருக்கு அந்தக் கவலை இல்லை.

இங்க் டேங்கை டிசி, போனஃபைடு மாதிரிச் சான்றிதழ்களுக்குப் பயன்படுத்த வேண்டாம். டை வகை மையில் அடித்த தாள் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் பரவும். லேசர், அல்லது பிக்மென்ட் மை மட்டும். மூன்று இங்க் டேங்கையும் கலர் வேலைக்கு வைத்துக்கொண்டு வாரம் ஒரு கலர் பக்கம் அடியுங்கள், இல்லாவிட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் பிரிண்டர் ரிப்பேர் என்று வருவதில் பெரும்பங்கு காகித ரிப்பேர். ஈரம் ஏறிய தாளில் டோனரை இழுக்கும் மின்னேற்றம் கசிந்துவிடும், எழுத்து திட்டுத்திட்டாக மங்கும். தூளைச் சூட்டால் ஒட்டவைக்கும் ஃபியூசருக்குள் போனதும் ஈரம் ஆவியாகித் தாள் சுருண்டு ஜாம் ஆகும். டோனர் போய்விட்டது என்று நினைத்து நல்ல கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிடுவார்கள். முதலில் புது ரீம் பிரித்து அடித்துப் பாருங்கள். ரீம் உறை ஈரத்தைத் தடுப்பதற்கென்றே உள்பூச்சு போட்டது. அதைப் பிரித்துத் தாளை வெளியே அடுக்கி வைக்கக்கூடாது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் டிரேயில் போட்டு, மீதியை உறையோடு மூடியுள்ள பீரோவில், தரையைத் தொடாமல் வையுங்கள்.

தாள் எடுக்காமல் வெறுமனே சுற்றினால் பிக்கப் ரோலர். ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள், வழவழப்பு போகாவிட்டால் மாற்றுங்கள். இரண்டு மூன்று தாளாக இழுத்தால் செப்பரேஷன் பேடு. குறிப்பிட்ட இடைவெளியில் ஒரே கறை திரும்பத் திரும்ப வந்தால் டிரம் அல்லது ஃபியூசர் டெஃப்லான். ரீஃபில் செய்பவரிடம் தூள் மட்டும் நிரப்பச் சொல்லாதீர்கள். 12ஏ-யில் கழிவுத்தூள் அறையைக் காலி செய்து, வைப்பர் பிளேடையும் டிரம்மையும் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். அந்த அறை நிரம்பினால் தூள் உள்ளே கொட்டி பிரிண்டரே பாழாகும்.

நெட்வொர்க்கில் வைக்கும்போது வைஃபை வேண்டாம், கம்பி. ரௌட்டரில் அந்தப் பிரிண்டருக்கு நிலையான ஐபி ஒதுக்குங்கள். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது டபிள்யூஎஸ்டி என்ற தானியங்கி போர்ட்டில் சேர்த்துவிடும். சில நாளில் 'ஆஃப்லைன்' என்று காட்டும். ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட் நாமே உருவாக்கி ஐபியைக் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஆஃப்லைன் என்றால் போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி நிலை என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பத்தில் ஒன்பது புகார் இதோடு தீரும்.


பேரேடு (பதில்)

ஃபீஸ் கவுண்டரைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் இதைச் சேர்க்கிறேன். கணினி மாற்றத்தில் கல்லூரி நின்றுபோவது பெரும்பாலும் அந்த ஓர் இடத்தில்தான்.

கவுண்டரில் ஓடும் ரசீது புரோகிராம் எது என்று முதலில் பாருங்கள் சார். கறுப்புத் திரையில் ஓடும் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) ஃபாக்ஸ்புரோ என்றால் விண்டோஸ் 11-ல் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட், அதில் டாஸ் புரோகிராம்களுக்கு இடமில்லை. டாஸ்பாக்ஸ் எக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் வைத்து ஓட்டலாம், பிரிண்டரையும் அதிலேயே இணைக்கலாம். விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்றால் ஓடும், ரன்டைம் கோப்புகளைச் சேர்த்து நகலெடுத்தால் போதும். எப்படியிருந்தாலும் ஃபாக்ஸ்புரோ தரவு இருக்கும் டிபிஎஃப் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து, லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்து பார்த்துவிடுங்கள். திறந்தால் உங்கள் தரவு பத்திரம்.

புதிய கணினியில் பாரலல் போர்ட் இருக்காது. டாட் மேட்ரிக்ஸில் யுஎஸ்பி இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாரலல் கார்டு. எஸ்எஃப்எஃப் டவருக்குக் குட்டை பிராக்கெட் உள்ள கார்டுதான் பொருந்தும், ஆர்டரில் எழுதுங்கள். மலிவான யுஎஸ்பி டு பாரலல் கம்பி விண்டோஸ் புரோகிராமுக்குச் சரி, பழைய டாஸ் புரோகிராம் எல்பிடி1 என்ற பாரலல் போர்ட்டைத் தேடும்போது கண்டுகொள்ளாது. அப்போது பிரிண்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்ப வேண்டும்.

டாட் மேட்ரிக்ஸை எடுத்துவிட்டு லேசர் வைக்கலாமா என்று கேட்பார்கள். இரட்டைப் பிரதி கார்பன் ரசீது அடிக்கும்வரை முடியாது, ஊசி அடித்தால்தான் அடித்தாளில் பதியும். தெர்மல் ரசீது இன்னும் மோசம், தணிக்கை வரும்போது வெள்ளைத் தாளாக இருக்கும்.

கணக்குப் பிரிவில் பழைய கணினியை அவிழ்க்கும் முன் செய்ய வேண்டியவை. டேலி லைசென்ஸைப் பழைய கணினியில் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். டிஸ்க் இறந்த பிறகு இதைச் செய்ய முடியாமல் தவிப்பார்கள். டேலி டேட்டா ஃபோல்டர் எந்த டிரைவில் என்று பார்த்து நகல். டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவரைப் புதிய கணினியில் நிறுவி, ஒரு கையொப்பம் போட்டுப் பாருங்கள். டோக்கனுக்குள் இருப்பதை நகலெடுக்க முடியாது, தொலைந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். காலாவதித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் சம்பளத் தளமான களஞ்சியம், யுஎம்ஐஎஸ் தளங்களுக்கு பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் யாருக்கும் நினைவில் இருக்காது, அவற்றையும் எடுத்துவிடுங்கள். பழைய ஸ்கேனர் இருந்தால் 64 பிட் டிரைவர் உண்டா என்று இப்போதே பாருங்கள்.

தமிழ்க் கோப்புகள். அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றது, ஆனால் அலுவலகங்களில் வானவில் அவ்வையார், பாமினி எழுத்துருவில் அடித்த தீர்மானங்களும் பணிப்பதிவுகளும் இன்னும் நிறைய. எழுத்துருக் கோப்பை நகலெடுக்காமல் கணினியை மாற்றினால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். பழைய கணினியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதைப் பிழை பார்த்து, தனியாகச் சேமியுங்கள். புதிய கணினியில் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. பழைய தட்டச்சு முறையில் பழகியவருக்கு அதற்கேற்ற மென்பொருளை முதல் நாளே போட்டுக்கொடுங்கள். இல்லாவிட்டால் 'பழைய கணினியே தேவலை' என்ற குரல் மாலைக்குள் கேட்கும்.


உச்சிப்புளி ஆபீஸ்

மூவருக்கும் மிக்க நன்றி. பேரேடு மேடம் சொன்னபடி பார்த்தேன், டாஸ் ஃபாக்ஸ்புரோதான். டாட் மேட்ரிக்ஸில் யுஎஸ்பி போர்ட் இருக்கிறது.

இன்னும் மூன்று கேள்வி. அலுவலகத்தில் ஒரு 5 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் இருக்கிறது, லேசர் பிரிண்டரும் அதில்தான் ஓடுகிறது, இது சரியா? ரீஃபர்பிஷ்டு கணினி பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு டீலர் வருகிறார், அதை எடுத்தால் 15-க்குப் பதில் 25 மாற்றிவிடலாம், செய்யலாமா? கழிப்பதற்கான நடைமுறை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.


கொண்டல்

லேசரை இன்றைக்கே யூபிஎஸ்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள் சார். ஃபியூசர் சூடாகும் ஒவ்வொரு முறையும் சில நூறு வாட்டிலிருந்து ஆயிரம் வாட் வரை ஒரே மூச்சில் இழுக்கும். யூபிஎஸ் பைபாஸுக்குப் போகும், பேட்டரி ஆயுளும் குறையும். நேரடி லைனில், தனி சாக்கெட். கணினியும் மானிட்டரும் சேர்ந்து 80 வாட் என்று வைத்தாலும் 15-க்கு 1,200 வாட்தான், யூபிஎஸ் தாராளமாகத் தாங்கும். அப்படியே எலெக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். கணினிகள் ஓடும்போது 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைப் பார்க்க வேண்டும். உப்பு மண்ணில் ஜிஐ குழாய் சீக்கிரம் தின்னப்பட்டுப் போகும், மேலே கிளாம்ப் மட்டும் பளபளப்பாக இருக்கும். செம்பு பூசிய ராடு போடச் சொல்லுங்கள்.

ரீஃபர்பிஷ்டு: கணக்கு, தேர்வு, சம்பளம் இந்த இருக்கைகளுக்குக் கூடாது. துறைகளுக்கு உங்கள் நிர்வாக விதியும் தணிக்கையும் அனுமதித்தால் யோசிக்கலாம். எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதீர்கள். ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் வரவேண்டும், அது இல்லாமல் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற முடியாது. பயாஸ் பாஸ்வேர்ட் இல்லை, பழைய கம்பெனியின் தொலைநிலைப் பூட்டு இல்லை என்று ஆன் செய்து பாருங்கள். எஸ்எஸ்டி புதியதா என்று கேளுங்கள். உள்ளூர் கடலோர அலுவலகத்திலிருந்து வந்ததா, பெங்களூர் ஐடி கம்பெனியிலிருந்து வந்ததா என்பதைத் தகட்டைக் கழற்றினாலே தெரிந்துகொள்ளலாம். உள்ளே துரு கண்டால் திருப்பி அனுப்புங்கள். 25-ஐ ஒரே ஆண்டில் மாற்றுவதில் இன்னொரு சிக்கல், அந்த 25-உம் ஒரே ஆண்டில் விழும், அப்போது நிதி இருக்காது. ஆண்டுக்கு எட்டு ஒன்பது என்று சுழற்சியில் வைத்தால் 42-உம் ஐந்தாண்டில் ஒரு சுற்று வந்துவிடும்.


உப்பூர் ஸ்டோர்ஸ் (பதில்)

கழிப்பது பற்றி நான் எழுதுகிறேன்.

இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொன்றும் எந்த நிதியில் வாங்கியது என்று முதலில் பிரியுங்கள். யுஜிசி அல்லது வேறு அரசு மானியத்தில் வாங்கியதும் கல்லூரி நிதியில் வாங்கியதும் ஒரே பட்டியலில் போகக்கூடாது. மானியச் சாமானைக் கழிக்க அந்த மானியத்தின் நிபந்தனையைப் பார்க்க வேண்டும். பிறகு கழிவுக் குழு: முதல்வர் நியமிக்க வேண்டும், கணினித் துறை ஆசிரியர் ஒருவர் அதில் இருப்பது நல்லது. பட்டியலில் பதிவேட்டுப் பக்க எண், சீரியல் எண், வாங்கிய தேதி, விலை, பழுது என்ன, பழுது நீக்கச் செலவு எவ்வளவு, ஏன் லாபமில்லை என்று ஒரு வரி. கொண்டல் சொன்ன துருக் குறிப்பும் படமும் இங்கே இணைப்பாகும். நிர்வாகக் குழுத் தீர்மானம் வந்த பிறகே சாமான் வாசலைத் தாண்ட வேண்டும்.

டிஸ்க்கை அழிப்பது பதிவேட்டை விட முக்கியம். ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், மதிப்பெண், சாதிச் சான்று எல்லாம் அதில் இருக்கின்றன. ஃபார்மேட் செய்தால் போய்விடாது. ஹார்ட் டிஸ்க்குக்கு என்வைப் என்ற அழிப்பு மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்க்கிலும் ஒருமுறை எழுதினால் போதும். 500 ஜிபி பழைய டிஸ்க் ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். எஸ்எஸ்டிக்கு அந்த முறை சரிப்படாது, பயாஸிலோ தயாரிப்பாளர் மென்பொருளிலோ உள்ள செக்யூர் எரேஸ். ஆன் ஆகாத டிஸ்க்கைத் தட்டுகள் வழியாகத் துளை போட்டு உடையுங்கள். மல்டிஃபங்ஷன் பிரிண்டரை வெளியேற்றும் முன் அதன் முகவரிப் பட்டியலையும் நினைவகத்தையும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். எந்த சீரியல் டிஸ்க், எப்படி அழித்தது, யார் கையெழுத்து என்று ஒரு தாள் கோப்பில் இருக்கட்டும்.

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் மொத்த நுகர்வோர் என்பது ஆண்டில் ஆயிரம் சாதனமாவது பயன்படுத்தும் நிறுவனம். மாணவர் லேப், இதர சாதனங்கள் எல்லாம் சேர்த்து உங்கள் எண்ணிக்கை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்குக் கீழே இருந்தாலும் பழைய இரும்புக் கடைக்கு ஏலம் விடாதீர்கள். செம்புக்காகக் கம்பியை எரிப்பார்கள், போர்டில் உள்ள ஈயம் மண்ணுக்குப் போகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, சீரியல் எண்ணும் எடையும் போட்ட ரசீது வாங்குங்கள். காலி டோனர் கார்ட்ரிட்ஜும் அந்த விதியில் அடங்கும், ஒரு அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்து அதே வண்டியில் அனுப்பலாம். யூபிஎஸ் பேட்டரிக்குத் தனி விதி, புதியது வாங்கும் டீலரிடமே பழையதைத் திருப்பிக் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்வது சுலபம். பதினொரு கணினி என்பது சிறிய லோடு. அதற்காக மறுசுழற்சியாளர் வண்டி அனுப்பத் தயங்கினால், பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு மூன்றைக் கேட்டு ஒரே நாளில் எடுக்கச் சொல்லலாம்.

பள்ளிக்கு நன்கொடையாகத் தரலாமா என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் கட்டாயம் வரும். துருப்பிடித்த மூன்றாம் தலைமுறையைத் தந்தால் கழிக்கும் சுமையைத்தான் அவர்களுக்கு மாற்றுகிறோம். எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்ட ஆறாம் தலைமுறை என்றால் அவர்களுக்கு உண்மையாகவே உதவும்.


பேரேடு

ஒரு சேர்க்கை. மாற்றும் தேதியை ஃபீஸ் கட்டும் வாரத்திலும் நவம்பர், ஏப்ரல் பருவத் தேர்வு நேரத்திலும் வைக்காதீர்கள். முதலில் இரண்டு இருக்கை மட்டும், ஒன்று கணக்கு, ஒன்று துறை. ஒரு சம்பளப் பட்டியல் அதில் முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகு மீதி 13. பழைய கணினியின் டிஸ்க்கை ஒரு மாதம் அழிக்காமல், கழற்றி, உறையில் இருக்கை எண் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் வையுங்கள்.

புதிய கணினியில் விண்டோஸ் 11 தானாகவே டிஸ்க்கைக் குறியாக்கம் செய்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்தால் அநேகமாக அப்படித்தான். வாரண்டியில் போர்டு மாற்றினால் உடனே 48 இலக்க ரெகவரி எண் கேட்கும். அந்தக் கணக்கு ஓய்வு பெற்றுப் போனவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால் டிஸ்க்கைத் திறக்கவே முடியாது. கல்லூரிக் கணக்கில் மட்டும் அமைத்து, 15 கணினியின் ரெகவரி எண்ணையும் அச்செடுத்து இருப்புப் பதிவேட்டோடு பூட்டி வையுங்கள்.


உச்சிப்புளி ஆபீஸ்

குறித்துக்கொண்டேன் மேடம். பட்டியலை நாளை தொடங்குகிறோம். எஸ்எம்பிஎஸ், ரேம் ஸ்லாட் படங்கள் எடுத்ததும் இங்கே போடுகிறேன். எதைக் கழிப்பது, எதைத் துறைக்குத் தள்ளுவது என்று பார்த்துச் சொல்லுங்கள்.